வள்ளியம்மை என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பிறந்து ஒரு மாதமான எங்கள் மகளுக்கு என் பாட்டியின் பெயரான வள்ளியம்மையை வைக்க ஆசைப்படுகிறேன். கணவர் வீட்டில், "கிழவிப் பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள்" என்கிறார்கள். நான் பிடிவாதம் பிடிப்பது சரியா?

பதில்: சரிதான் சகோதரி. தயங்காமல் வையுங்கள்.

வள்ளி என்றால் கொடி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பதால் வேடர் தலைவன் நம்பிராசன் அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததாகக் கந்தபுராணம் சொல்கிறது. அவள் அரண்மனையில் வளரவில்லை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, கவண்கல் வீசிக் கிளி ஓட்டியவள். புராணத்துக்கு வெகுகாலம் முன்பே நற்றிணையில் ஒரு காதலன் தன் காதலியை முருகனோடு செல்லும் வள்ளிக்கு ஒப்பிடுகிறான். இத்தனை தலைமுறையாக நம்மோடு வாழும் பெயரைக் கிழவிப் பெயர் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணவர் வீட்டாரிடம் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிச் சொல்லுங்கள். தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள தில்லையாடி அவருடைய தாயின் ஊர். வள்ளியம்மை பிறந்தது 1898இல், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில். 1913 மார்ச்சில் அங்கே ஒரு நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தது. ஒரே நாளில் நம் பெண்களின் மனைவி என்ற நிலையே கேள்விக்குள்ளானது. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்களும் இறங்கினார்கள். தாயோடு வள்ளியம்மையும் போனார். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். பதினாறு வயது! இன்று பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் பிள்ளையின் வயது. அந்த ஆண்டு ஜூலையில், இந்தியா திரும்புவதற்கு முன், அவருடைய கல்லறை நினைவுக்கல்லைத் திறந்துவைக்கக் காந்தியே சென்றார். 2008இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கும் அவர் பெயர்தான்.

கேலிக்குப் பயந்து பெயரை மாற்றினால், புதிய பெயரையும் கேலி செய்யப் பிள்ளைகளுக்குத் தெரியும். மகளுக்கு விவரம் தெரியும் வயதிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். தன் பெயர் யாருடையது என்று அறிந்த குழந்தை எளிதில் கூச்சப்படாது. வீட்டில் வள்ளி என்று கூப்பிடுங்கள். ஆனால் மாமியாரிடம் சண்டையாகப் பேச வேண்டாம். அவர்கள் விரும்பும் பெயரைச் செல்லப்பெயராக வைத்துக்கொள்ளட்டும், அதனால் குறை ஒன்றும் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் முதல் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். ஆகவே நிதானமாகப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள். ஒரே எழுத்துமுறையை முதலிலேயே முடிவு செய்து ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள்.