விண்டோஸ் கடவுச்சொல் இருந்தும் கோப்புகள் திறந்தது எப்படி?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த மேசைக் கணினிகள் ஆறு இருக்கின்றன. ஆசிரியர் கணினியில் பெற்றோரின் அடையாள அட்டை எண்கள்கூட உண்டு. ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் விரலியை (பென்டிரைவ்) செருகி, வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கி, கடவுச்சொல் கேட்காமலே அந்தக் கோப்புகளைத் திறந்து என்னிடம் காட்டினான். பயாஸில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, அந்த மாணவனைக் கண்டிக்காதீர்கள். ஒளிவின்றி உங்களிடமே காட்டியிருக்கிறான். பிறகு அவனுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் கடவுச்சொல், விண்டோஸ் விழித்திருக்கும்போது மட்டுமே காவல் காக்கும். விரலியிலிருந்து வேறொன்று எழுந்துவிட்டால் உங்கள் வட்டு பூட்டில்லாத அலமாரிதான். எதிலிருந்து எழுவது என்பதைத் தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள் தீர்மானிக்கிறது. இதைத்தான் பழக்கத்தால் பயாஸ் என்கிறோம். இப்போதைய கணினிகளில் இருப்பது யூ.இ.எஃப்.ஐ.

எதையும் தொடுமுன், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். நிலைபொருளில் கை வைத்தால் அடுத்த தொடக்கத்தில் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

கணினியை இயக்கியதும், டெல் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10, லெனோவோ மேசைக் கணினி என்றால் எஃப்1 விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். கடையில் பாகங்களைப் பொருத்திச் செய்தவற்றில் பெரும்பாலும் டெலீட் விசை. உள்ளே போகவே கடவுச்சொல் கேட்டால், அது பழைய அலுவலகம் வைத்தது. கொடுத்தவர்களை இன்றே அழைத்துக் கேளுங்கள். அலுவலகங்களுக்கென வரும் வகைகள் பலவற்றில் அது தனிச் சில்லில் இருக்கும். தாய்ப்பலகைப் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது.

முதலில் தொடக்க வரிசை. விண்டோஸ் உள்ள வட்டை முதலில் வைத்து, யூ.எஸ்.பி.யிலிருந்தும் நெட்வொர்க்கிலிருந்தும் தொடங்குவதை முடக்குங்கள். யூ.எஸ்.பி. துளைகளையே முடக்கிவிடாதீர்கள், விசைப்பலகையும் மௌஸும் அவற்றில்தான் இருக்கின்றன.

அடுத்தது கடவுச்சொல். இதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு வகை உண்டு: அமைப்புகளை மாற்றவிடாமல் தடுக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் ஒன்று, கணினி தொடங்கும்போதே கேட்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதைப் பிள்ளைகளின் கணினிகளில் வைத்தால், ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் அதை அறிந்திருக்கும். பிறகு அது இருந்தும் பயனில்லை. நிர்வாகிக் கடவுச்சொல்லை உங்களோடு இன்னொரு பெரியவரும் அறிந்திருக்கட்டும்.

செக்யூர் பூட் (Secure Boot) என்ற அமைப்பை இயக்குங்கள். ஆனால் அது அந்த மாணவனைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கையொப்பமிடாத தொடக்க நிரல்களைத்தான் அது மறுக்கும். உபுண்டு போன்றவை முறையான கையொப்பத்தோடு வருவதால் அதையும் தாண்டி எழும். இயக்கும் முன் விண்டோஸின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்றிருந்தால், வட்டை ஜி.பி.டி. என்ற புதிய பகிர்வு முறைக்கு மாற்றாமல் செக்யூர் பூட் பக்கம் போக வேண்டாம், விண்டோஸ் எழாது. செக்யூர் பூட் பயன்படுத்தும் பழைய சான்றிதழ்கள் 2011ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. ஆகவே விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்தி வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒருவன் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் வீண். ஆகவே, அடையாள அட்டை எண்கள் இருக்கும் அந்த ஒரு கணினிக்காவது குறியாக்கம் கட்டாயம் வேண்டும். நிலைபொருளில், குறியாக்கச் சாவியைக் காக்கும் டி.பி.எம். வசதியை இயக்குங்கள், இன்டெல்லில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கலாம். பிறகு பிட்லாக்கரைப் போடுங்கள். அதற்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். டி.பி.எம்.மை ‘கிளியர்’ செய்யும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அடையாள அட்டை எண் வகுப்புக்குத் தேவையே இல்லை என்றால், அழித்துவிடுவதுதான் என் முதல் விருப்பம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பிற்பகலில் இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். அது சரியான பழக்கம். ஆனால் பிளக் பிடுங்கியிருக்கும் நேரமெல்லாம் தாய்ப்பலகையின் கடிகாரம் சி.ஆர்.2032 என்ற நாணய வடிவப் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும்; பல கணினிகளில் நீங்கள் செய்த மாற்றங்களும் அழியும். ஒருநாள் தேதி தவறாகத் தெரிந்தால், சில வெள்ளிக்குக் கிடைக்கும் அந்தப் பேட்டரியை மாற்றி, அமைப்புகளை மறுபடி சரிபாருங்கள். நிலைபொருளைப் புதுப்பிப்பதானால் மழையில்லாத காலை வேளையில், முடிந்தால் யூ.பி.எஸ். வைத்துச் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் பலகையே செத்துவிடக்கூடும்.

எல்லாம் முடிந்ததும் அந்த மாணவனை அழைத்து, அதே விரலியை அவன் கையில் கொடுங்கள். எஃப்12 போன்ற விசையால் வரும் தொடக்கப் பட்டியலையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். சில கணினிகளில் வரிசையை மாற்றிய பிறகும் அந்த வழி திறந்தே கிடக்கும். எந்தக் கணினியிலாவது அவன் நுழைந்துவிட்டால், அதன் மாடல் எண்ணைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.