அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டால், நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்குமா?

விசாரிக்காது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். இந்த உதவித்தொகையை வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி துறையின் மேல்முறையீட்டுக் குழுவும் கைவிரித்துவிட்டால், அந்த மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் அங்கே ஜூரியும் இல்லை, புதிய சாட்சிகளும் இல்லை. நீதிபதி பழைய கோப்பைத்தான் புரட்டுவார். மறுத்த முடிவுக்குப் போதிய சான்று உண்டா, சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதே கேள்வி. அந்தச் சான்றின் அளவுகோல் உயரமானதல்ல என்று 2019இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே வலியை விவரித்து மன்றாடுவதைவிட, மருத்துவரின் கருத்தை ஒதுக்கியதற்கு துறைக்குள் முன்பு விசாரித்த நிர்வாக நீதிபதி உரிய காரணம் எழுதவில்லை என்று சுட்டிக்காட்டுவதே பலன் தரும். வென்றாலும் பெரும்பாலும் பணம் உடனே வராது. வழக்கு மறுவிசாரணைக்காக அதே துறைக்கே திரும்பும்.