தலையணைக்கு அடியில் செவ்வந்திக்கல் வைத்தால் தூக்கம் வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறோம். வயது 48. குளிர் தாங்காமல் எட்டரைக்கே கம்பளிக்குள் போய்விடுகிறேன். ஆனால் தூக்கம் வர பன்னிரண்டு ஆகிறது. இலை விலை, ஆள் கூலி, மகன் படிப்பு என்று மனது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதமாக இப்படித்தான். மகள் ஊதா நிறத்தில் ஒரு செவ்வந்திக்கல்லும் (அமெதிஸ்ட்) வெள்ளையாக ஒரு செலினைட் கல்லும் வாங்கி அனுப்பினாள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பௌர்ணமி நிலவில் வைத்த பிறகு தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். ஊறவைத்ததில் செலினைட் சொரசொரப்பாகிவிட்டது. ராசி பார்க்காமல் கல் வைக்காதே என்கிறார் மாமியார். அவரிடம் ஒரு ஸ்படிக மாலை இருக்கிறது. இரண்டு வயதுப் பேத்தியும் எங்களோடுதான் படுக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, செவ்வந்திக்கல்லைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலையணைக்கு அடியில் வேண்டாம். அதைக் கையில் எடுக்கும் நேரத்தையும் கீழே வைக்கும் நேரத்தையும் தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால், உங்களுக்கு உண்மையாகவே உதவும்.

கல்லுக்குள்ளிருந்து தூக்கம் தரும் அலை எதுவும் வெளிவருவதில்லை. செவ்வந்திக்கல்லும் ஸ்படிகமும் குவார்ட்ஸ் வகை, சிலிக்கன் டையாக்சைடு. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது உண்மைதான், கைக்கடிகாரம் ஓடுவதும் அதனால்தான். அழுத்தாமல் மேசையில் கிடக்கும் கல்லுக்கும் உங்கள் தூக்கத்துக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சின் குழு 80 பேரைக் கல்லைக் கையில் வைத்துத் தியானம் செய்யச் சொல்லிப் பார்த்தது. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்குப் போலி. இதமான சூடு, உடம்பு தளர்வது போன்ற உணர்வுகளை இரு தரப்பும் ஒரே அளவில் சொன்னார்கள். ஆகவே மாமியாரின் ராசிக் கவலைக்கும் இடமில்லை. கல் உங்களுக்குக் கெடுதல் செய்யாது. அதே சமயம், வெறுமனே அருகில் கிடந்தால் நல்லதும் செய்யாது.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முதலில் பட்டது எட்டரை மணி. மலை ஊர்களில் இது பல வீடுகளின் சிக்கல். வீட்டிலேயே கதகதப்பான இடம் கட்டில்தான். அதனால் கணக்குப் பார்ப்பது, போன் பார்ப்பது, நாளை யாரைப் பறிக்கக் கூப்பிடுவது என்று யோசிப்பது எல்லாம் கம்பளிக்குள்ளேயே நடக்கிறது. மூன்றரை மணி நேரம் விழித்தபடி தினமும் படுத்தால், கட்டில் என்பது யோசிக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. சாயும்போதே மனது சுற்ற ஆரம்பிப்பது அதனால்தான். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த முறை இந்தப் பழக்கத்தைத்தான் பிரிக்கிறது: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் கட்டிலுக்குப் போக வேண்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். தூக்கமின்மைக்கு இன்று மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சையில் இது முக்கியமான பகுதி. ஆகவே இன்றே ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பழைய கம்பளி ஒன்றும் சால்வை ஒன்றும் அதற்கென்றே ஒதுக்குங்கள். எட்டரைக்குக் குளிர்ந்தால் அங்கே போர்த்தி உட்காருங்கள். கல்லுக்கும் அதுதான் இடம்.

ஒன்பது மணிக்குக் கால் வெந்நீர். உடம்பின் உட்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வரும். அந்தச் சூடு வெளியேறுவது பெரும்பாலும் கை, கால் வழியாக. பாதம் சில்லிட்டால் ரத்தக் குழாய் சுருங்கி, சூடு உள்ளேயே நின்றுவிடும். 40 முதல் 42 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு வைத்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீர் 14 டிகிரி அளவில் இருந்தால், ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் சரியாக 41 டிகிரிக்கு அருகில் வரும். மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும், பச்சைத் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு கொதிநீரைக் கலந்து, முழங்கையால் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். துடைத்ததும் சாக்ஸ்.

செவ்வந்திக்கல்லை அப்போது அதே வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைவிட வேகமாகக் கையின் சூட்டை இழுக்கும், அதனால்தான் தொட்டதும் சில்லென்று இருக்கிறது. சமவெளியில் சித்திரை வெயிலில் அது சுகம். உங்கள் ஊரில் ஜனவரி இரவில் அந்தச் சில்லிப்பே விரலைச் சுருக்கி, இப்போது சூடேற்றியதைக் கெடுக்கும். கொதிநீரில் நேராகப் போடாதீர்கள், ஹீட்டர் மேலும் வைக்காதீர்கள். உள்ளே கீறல் இருக்கும் கல் திடீர்ச் சூட்டில் வெடித்துப் பிளக்கலாம்.

பிறகு ஒரு தாளில் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதுங்கள். பொதுவாகப் புலம்பி எழுதாமல், ‘காலை 7க்கு ஆள் கூப்பிட வேண்டும், வங்கியில் பாஸ்புக் போட வேண்டும்’ என்று செய்ய வேண்டியதை மட்டும் வரிசையாக. எழுதியதை மடித்து, கல்லை அதன்மேல் வைத்துவிடுங்கள். கூலிக் கணக்கு மறுபடி தலைக்குள் வந்தால், அது கல்லுக்கடியில் இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக மூச்சு. மாமியாரின் ஸ்படிக மாலை 54 மணியா 108 மணியா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணிக்கு ஒரு மூச்சு: நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி என்றால் 54 மணிக்கு ஒன்பது நிமிடம். 108 மணி மாலையில் பாதி வரை போனாலே போதும். ஜெபத்துக்கு வைத்த மாலையைத் தர மாமியாருக்கு மனம் இல்லையென்றால், செவ்வந்திக்கல்லையே உள்ளங்கையில் மூச்சுக்கு ஒரு முறை திருப்புங்கள். மூச்சு முட்டினால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறக்கூடாது: வெந்நீர், எழுத்து, கல், மூச்சு. வாரம் இரண்டு போனால், கல்லைக் கையில் எடுத்ததுமே உடம்பு தளரத் தொடங்குவதை நீங்களே கவனிப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் மருந்து. பத்தரை அளவில் கண் சொக்கும்போது கட்டிலுக்குப் போங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், கடிகாரம் பார்க்காமல் எழுந்து நாற்காலிக்கே வந்துவிடுங்கள். எவ்வளவு பிந்தித் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். முதல் வாரம் பகலில் அசதி இருக்கும், அதற்காக மதியம் தூங்கிவிட்டால் இரவு மீண்டும் பழைய கதைதான்.

தேயிலைக்காரர் வீட்டில் சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். டீயின் கஃபைன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீயில் பாதி பதினொன்றுக்கும் உள்ளே இருக்கும். கடைசி டீ இரண்டு மணிக்கு முன்பே முடியட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. குளிருக்காகச் சட்டியில் கரிக் கங்கு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு யாரும் படுக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கணப்பு மூட்டினால் படுப்பதற்கு முன்பு கங்கை முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள். வெந்நீர்ப் பை போதும், அதையும் பேத்திக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பேத்தி இருக்கும் கட்டிலில் எந்தக் கல்லும் வேண்டாம். இரண்டு வயதில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும், கைக்கு அடக்கமான கல் தொண்டையில் சிக்கினால் நொடியில் விபரீதம். மாலை நூல் அறுந்தால் மணிகளும் அதே ஆபத்து. உபயோகித்ததும் அவளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். கல் ஊறிய தண்ணீரைக் குடிப்பது எந்தக் கல்லுக்கும் கூடாது. பச்சை மலகைட்டில் செம்பு இருக்கிறது, கலீனாவில் ஈயம், சிவப்பு சின்னபாரில் பாதரசம்.

பௌர்ணமி நிலவு கல்லைக் கெடுக்காது. ஆனால் மறுநாள் வெயில் ஏறும்வரை விட்டுவிட்டால் செவ்வந்திக்கல்லின் ஊதா நாளடைவில் வெளுக்கும். செலினைட்டை வெளியே வைக்கவே வேண்டாம். அது ஜிப்சம், கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் இரண்டே, நகத்தாலேயே கீறிவிடலாம். சாதாரணத் தண்ணீரிலேயே லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையும், உப்புத் தண்ணீரில் இன்னும் அதிகம். உங்கள் கல்லின் மேற்பரப்புதான் கரைந்து போனது, கல் கெட்டுவிடவில்லை. மென்மையான உலர் துணியால் துடையுங்கள். பழைய வழவழப்பு முழுதாகத் திரும்பாது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையும் பனிமூட்டமும் அதிகம் என்பதால், அதை ஒரு டப்பாவில் மூடி வைப்பது நல்லது. அதே காரணத்துக்காக, மகள் அடுத்து உப்பு விளக்கு அனுப்பினால் மறுத்துவிடுங்கள். ஈரக் காற்றில் உப்பு நீரை இழுத்து ஒழுகும், உள்ளே இருக்கும் மின்சார வயருக்கு அது ஆபத்து.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டியும் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் கட்டம், தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். கவலை தாங்க முடியாத இரவில் 14416க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.