கடலுக்குள் இறங்கும் முன்: வாசகர் கேள்விகள்

மாலத்தீவின் வட அரி அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு ரிசார்ட்டில் ஸ்கூபா பயிற்றுநராக வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ஸ்கூபா என்பது காற்றுச் சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்குவது; ஸ்நார்கெலிங் என்பது மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டி மேல்மட்டத்தில் குப்புற மிதப்பது.

*கே: மாசியில் எங்களுக்குக் கல்யாணம். அது முடிந்ததும் மாலத்தீவுக்கு நான்கு நாள் போகிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. "ஸ்கூபாவுக்கு நீச்சலே வேண்டாம், ஸ்நார்கெலிங் சும்மா மிதப்பதுதான்" என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பலாமா? (வாசகி, திருச்சி)*

வாழ்த்துகள். அவர் சொன்னதில் முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சண்டை.

முதன்முறை செய்துபார்க்கும் ஸ்கூபாவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். நீங்கள் மூச்சு விட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஸ்கூபாவின் முதல்நிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் வேண்டுமென்றால்தான் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும்.

ஸ்நார்கெலிங்குக்கு அப்படிப் பக்கத்தில் ஆள் இல்லை. ரிசார்ட்டில் மாஸ்க்கையும் குழாயையும் காலில் மாட்டும் துடுப்பையும் வாங்கிக்கொண்டு நேராகக் கடலில் இறங்கிவிடுகிறார்கள். குழாய்க்குள் ஒரு அலை புகுந்தால் போதும். இருமல் வரும், வாயில் இருப்பதைப் பிடுங்குவார்கள், தலையைத் தூக்குவார்கள். தலை மேலே போனால் கால் கீழே போகும். அப்புறம் உப்புத்தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். 12 மீட்டரில் அமைதியாக இருந்த ஆள், மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் தடுமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பயப்பட வேண்டிய இடம் ஆழமல்ல, மேல்மட்டம்.

அதனால் முதல் நாள் ரீஃப் (பவளத்திட்டு) பக்கமே போகாதீர்கள். கரைக்கும் ரீஃபுக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத லகூனில், இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு நில்லுங்கள். முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். அது கைவந்ததும் ஒருவர் குழாய்க்குள் வேண்டுமென்றே ஒரு கை தண்ணீர் ஊற்றட்டும். மற்றவர் தலையைத் தூக்காமல் "தூ" என்று ஒரே மூச்சில் ஊத வேண்டும். தண்ணீர் ஊற்று மாதிரி குழாய் வழியே மேலே பாயும். எங்கள் டைவ் சென்டரில் இதை நான் செய்யும்போது புதுமாப்பிள்ளைகள் முறைப்பார்கள், புதுப்பெண்கள் சிரிப்பார்கள். இது வசப்பட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. லகூனின் வெளிர்நீலம் முடிந்து திடீரென்று கருநீலம் தொடங்கும் கோடுதான் ரீஃபின் விளிம்பு. அங்கே பவளச்சுவர் செங்குத்தாகக் கீழே இறங்கும். மீன்கள் மொய்ப்பதும் அங்கேதான். காலடியில் தரை காணாமல் போனதும் நீச்சல் தெரியாதவர்களுக்குப் பகீரென்று இருக்கும். மிதப்பவருக்கு 2 மீட்டரும் ஒன்றுதான், 20 மீட்டரும் ஒன்றுதான். ஆனால் அதை மனசு உடனே ஏற்காது. அங்கே போகும்போது கைடு ஒருவரைக் காசு கொடுத்தாவது கூட்டிப்போங்கள். போகும் முன் டைவ் சென்டரில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்?" அலையேற்றம், இறக்கத்தோடு அது திசை மாறும். தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்ப் பக்கம், நன்றாக நீந்துகிறவர்களையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ரிசார்ட்டை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், "ஹவுஸ் ரீஃப்" (அந்தத் தீவைச் சுற்றியுள்ள ரீஃப்) கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். தண்ணீர் மேல் வரிசையாக வீடு கட்டிய படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அகன்ற லகூன் உள்ள சில தீவுகளில் ரீஃப் வெகு தூரத்தில் இருக்கும், படகில்தான் போக வேண்டும்.

*கே: வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சின்ன வயதில் வீசிங் இருந்தது. ஸ்கூபாவுக்கு முன் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டால்தான் விடுவார்களாமே? (வாசகர், கோவை)*

யார் சொன்னாரோ, அவர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை.

நிலத்தில் நம் மேல் ஒரு மடங்கு காற்றழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே ஏறினால் ஒன்றுமில்லை. அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று எங்காவது ஒரு மூலையில் சிக்கிக்கொண்டாலும் அதே கதைதான். வீசிங்கைப் பற்றிப் படிவம் கேட்பது இதற்காகத்தான்.

என் தாத்தா சங்கு குளித்தவர். அவருடைய பாடம் "மூச்சைப் பிடிச்சுக்கடா". மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறுகிறவருக்கு அது சரி. சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசிக்கிற நமக்கு நேர் எதிர்ப் பாடம்: மூச்சை ஒருபோதும் பிடிக்காதே.

ரத்த அழுத்தத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். தண்ணீரில் மூழ்கியதும் கை கால்களிலுள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பும், இதயத்துக்கு வேலை கூடும். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் பலருக்கு மருத்துவர்கள் அனுமதி தருகிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், நானோ நீங்களோ அல்ல. படிவம் இணையத்திலேயே கிடைக்கும். கோவையிலேயே உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வாருங்கள். தீவுக்கு வந்தபின் மருத்துவரைத் தேடினால் விடுமுறையில் ஒரு நாள் போய்விடும். ஜலதோஷம் பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். காது அடைத்துக்கொண்டு முதல் 3 மீட்டரிலேயே ஊசி குத்துவதுபோல வலிக்கும்.

*கே: மாதவிடாய் நாட்களில் கடலில் இறங்கினால் சுறா வருமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (வாசகி, சென்னை)*

கூச்சமே வேண்டாம். வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனசுக்குள் கேட்பவர்கள் நிறைய. அதனால் சுறா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக இறங்கலாம். என்னோடு வேலை பார்க்கும் பெண் பயிற்றுநர்கள் மாதத்தில் எல்லா நாளும்தான் இறங்குகிறார்கள்.

மாலத்தீவில் 2010-இல் சுறா பிடிக்கத் தடை விதித்தார்கள். அதனால் சுறாவைப் பார்ப்பீர்கள். லகூனில் முழ நீளக் குட்டிகள் முழங்கால் தண்ணீரில் சுற்றும். நீங்கள் ஒரு அடி வைத்தால் அது பத்து அடி ஓடும்.

சுறாவைவிட நான் உஷாராக இருப்பது கிளாத்தி மீனிடம்தான். அதில் டைட்டன் என்றொரு பெரிய வகை, முக்கால் மீட்டர் வரை வளரும். மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் காக்கும்போது யாரையும் விடாது, துடுப்பைக் கடித்த தழும்புகள் எங்கள் வாடகைத் துடுப்புகளில் இருக்கின்றன. தன் எல்லையை அது கூடுக்கு மேலே, விரிந்துகொண்டே போகும் புனல் வடிவில் வைத்திருக்கும். துரத்தினால் மேலே ஏறாதீர்கள், அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். அதைப் பார்த்தபடி, பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

*கே: மாண்டா திருக்கையைப் பார்க்க எந்த மாதம் வர வேண்டும்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)*

கடல் அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆனால் உங்கள் மாண்டாவுக்குக் கச்சான் (தென்மேற்குப் பருவக்) காற்றுக் காலம்தான் வேண்டும். மே முதல் நவம்பர் வரை, பா அட்டோலிலுள்ள ஹனிஃபாரு குடாவில் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் (பிளாங்க்டன்) வந்து குவியும். அதைத் தின்ன மாண்டாக்கள் கூட்டமாக வரும். பா அட்டோல் 2011-இலிருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அந்தக் குடாவுக்குள் ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, ஸ்நார்கெல் மட்டும்தான். சான்றிதழ் அட்டையை நீட்டும் பெரிய டைவர்களும் அங்கே உங்களைப் போலவே குழாயோடு மிதக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. மழையும் வரும், பயணத் தேதியைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள்.

*கே: அறுபது வயது அம்மாவையும் கூட்டிப்போகிறோம். சுடிதாரோடு தண்ணீரில் இறங்கலாமா? பேரனுக்கு ஒரு பவளத்துண்டு எடுத்துவர ஆசைப்படுகிறார். (வாசகி, மதுரை)*

சுடிதார் வேண்டாம். பருத்தித் துணி தண்ணீர் குடித்துக் கனக்கும், துப்பட்டா கையில் சுற்றும். முழுக்கை நீச்சல் டீ-ஷர்ட்டும் கணுக்கால்வரை லெக்கின்ஸும் வாங்கிக் கொடுங்கள். மரியாதைக்கு மரியாதை, வெயிலுக்கும் பாதுகாப்பு. குப்புற மிதப்பவருக்கு முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். ரிசார்ட்டில் உடைக்குக் கட்டுப்பாடு கிடையாது. மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவில் தங்கினால் தெருவில் தோள், முழங்கால் மறைய உடுத்த வேண்டும்.

பவளத்துண்டு கூடவே கூடாது. கரையில் ஒதுங்கியதென்றாலும் நாட்டைவிட்டு எடுத்துப்போவது சட்டவிரோதம், விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்து பிடுங்கிவிடுவார்கள். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பெருவாரியான பவளங்கள் வெளுத்துச் செத்தன. மீண்டு வருவதைக் காலால் மிதித்து உடைக்காமல் இருந்தாலே பேரனுக்குச் செய்த உபகாரம். பேரனுக்கு அம்மா மிதக்கும் படம் ஒன்று எடுத்துக் காட்டுங்கள்.

*கே: கடைசி நாள் காலையில் டைவ், மாலையில் ஊருக்கு ஃபிளைட். சரிதானே? (வாசகர், சேலம்)*

சரியில்லை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் உயரத்தில் பறந்தால் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் போய் உட்காரும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான் என் விருந்தினர்களை 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வேன். ஸீப்ளேனுக்கும் இதே கணக்குதான். ஸ்கூபாவை முதல் இரண்டு நாட்களில் முடித்துக்கொண்டு, கடைசி நாளை ஸ்நார்கெலுக்கு வையுங்கள். அதற்கு இந்தத் தடை கிடையாது.

*கே: மைனஸ் 4 பவர் கண்ணாடி போடுகிறேன். மாஸ்க் எப்படி? (வாசகர், ஈரோடு)*

பவர் வைத்த மாஸ்க் இருக்கிறது. பல டைவ் சென்டர்களில் வாடகைக்கே கிடைக்கும், முன்கூட்டியே மெயிலில் உங்கள் பவரைச் சொல்லிவையுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் அரை பவர் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் போடலாம், மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.