மாலைக் கணக்கு

கேள்வி: 'உயர்வைத் துரத்துகிறவனை விட்டு உயர்வு ஓடும், உயர்வை விட்டு ஓடுகிறவனை அது துரத்தி வரும்' என்று யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூத் சொல்வதாகப் படித்தேன். 30 வருடமாக மேடை, மாலை எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியே இருக்கிறேன். ஒருவரும் என்னைத் தேடி வரவில்லையே?

பதில்: இதே புகாரோடு போலந்தில் ஒருவர் ரப்பி (யூத மத ஆசிரியர்) சிம்கா புனிமிடம் போனாராம். (ரப்பி 1827-இல் காலமானவர்.) "ஓடுவதெல்லாம் சரி, அது பின்னால் வருகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கிறீரே!" என்றாராம் அவர். நீங்களோ வருடத்தையே எண்ணி வைத்திருக்கிறீர்கள்.

அந்த வரி தல்மூத்தில் தனியாக நிற்கவில்லை. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய யூத ஆசிரியர்களின் வழியினர், யார் சொல்வது சட்டம் என்று 3 வருடம் வாதாடினார்கள். தீர்ப்பு ஹில்லேல் பக்கம் போனது. அவர்கள் எதிர்த்தரப்பின் கருத்தையும் சேர்த்தே படித்தார்கள், தங்கள் கருத்துக்கு முன்பாக அதைச் சொன்னார்கள் என்பது காரணம். அதை ஒட்டித்தான் நீங்கள் படித்த வரி வருகிறது. வாதத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. (எங்களுக்கு வரும் மறுப்புக் கடிதங்களில் எதிர்த்தரப்பை முதலில் சொல்லும் பழக்கத்தை நான் பார்த்ததில்லை. என் பதில்களிலும்தான்.)

கௌரவத்தைக் கெட்டியாகப் பிடித்தவர் கதையும் தல்மூத்தில் உண்டு. இரவுத் தொழுகை கட்டாயமா என்ற விவகாரத்தில் மாறுபட்ட ரப்பி யெஹோஷுவாவை, அறிஞர் சபைத் தலைவர் ரப்பான் கம்லியேல் நிற்க வைத்தார். தான் உட்கார்ந்தபடி பாடம் நடத்தினார். சபை பொறுக்கவில்லை. தலைமையைப் பறித்து எலாசார் பென் அசர்யா என்ற இளைஞரிடம் கொடுத்தது. கம்லியேல் காலத்தில் மாணவர்களைத் தடுத்து வைத்திருந்த வாசல் காவலை எடுத்ததும் அவர்கள் குவிந்தார்கள். 400 பெஞ்சு கூடுதலாகப் போட்டார்கள் என்று ஒரு கணக்கு, 700 என்று இன்னொன்று.

அப்புறம்தான் கம்லியேல் யெஹோஷுவாவின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். சுவரெல்லாம் கறுத்திருந்தது. "கரி வேலை செய்கிறீர் போலிருக்கிறதே" என்றார். "அறிஞர்கள் என்ன பாடுபட்டுப் பிழைக்கிறார்கள் என்று தெரியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ!" என்றார் யெஹோஷுவா. கம்லியேல் பணிந்து கேட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை. "என் தகப்பன் வீட்டு கௌரவத்துக்காகவாவது" என்ற பிறகே மனம் இறங்கினார்.

சரி, உங்கள் விஷயம். வாங்காத மாலைக்கு 30 வருடக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவருக்குப் போட்ட மாலை எத்தனை?