பயாங்கோவுக்குப் பங்காளிகள் நான்கு பேர்

அன்புள்ள சார்,

நியூகினித் தீவில் எக்கிட்னா என்ற முள் விலங்கைத் தேடிப் போன குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் அறுபது வருஷமாக யார் கண்ணிலும் படாத ஒரு முள் அழுங்கு இருந்தால் என்ன, போனால் என்ன? டைனோசர் அழிந்தபோது யாரும் காப்பாற்ற வரவில்லையே. அந்தப் பணத்தைப் புலிக்கோ யானைக்கோ செலவழித்தால் காடாவது மிஞ்சும். தவறாக நினைக்க வேண்டாம்.

கே., கரூர்

அன்புள்ள கே.,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? இதையே என் வீட்டில் இன்னும் காரமாகக் கேட்டார்கள்.

'யார் கண்ணிலும் படாத' என்பதை மட்டும் முதலில் திருத்திவிடுகிறேன். அறிவியலின் கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு உடல்தான். 1961-இல் இந்தோனேசியப் பகுதியிலுள்ள சைக்ளோப்ஸ் மலையில் ஒரு டச்சுத் தாவரவியலாளர் எடுத்தது. அது தனி இனம் என்று கண்டு டி.வி.யில் இயற்கைப் படங்கள் காட்டும் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டியது 1998-இல். ஆனால் அந்தப் பக்கத்து யோங்சு சபாரி ஊர்க்காரர்களுக்கு அது பயாங்கோ. அங்கே இரண்டு பேருக்குள் பகை முற்றினால் ஒருவரைக் காட்டுக்குப் பயாங்கோ தேட அனுப்புவார்களாம், மற்றவரைக் கடலுக்கு மர்லின் மீன் தேட. இரண்டுமே லேசில் அகப்படாது. வருஷக்கணக்கில் ஆகும், சிலசமயம் ஒரு தலைமுறையே போய்விடும். கிடைத்துவிட்டால் பகை தீர்ந்தது. நம்மூர் வாய்தாவும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான் இழுக்கும், அங்கே வக்கீல் ஃபீஸ் மட்டும் கிடையாது.

2007-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தார் போனபோது, அது மண்ணுக்குள் மூக்கை விட்டுத் துழாவிய துளைகளைத்தான் பார்க்க முடிந்தது. 2023-இல் போன குழு எண்பது கேமராக்களுக்கு மேல் வைத்தது. ஒருவருக்கு மலேரியா. இன்னொருவர் கண்ணில் ஓர் அட்டை ஒன்றரை நாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைசி நாளில், கடைசி மெமரி கார்டில் பயாங்கோ நடந்து போகிறது. முள் முதுகு, முன்னால் நீண்டு வளைந்த மூக்கு.

டைனோசருக்கு வருகிறேன். அதற்கு வாரிசு உண்டு, உங்கள் வாசலில் மேய்கிற கோழி. எலிக் குடும்பத்தில் ஓர் இனம் அழிந்தாலும் பங்காளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பயாங்கோ முட்டையிடும் பாலூட்டி. குட்டிக்குப் பால் கொடுக்கக் காம்பு கிடையாது, தோலிலிருந்து கசியும். மற்ற பாலூட்டிகளிடமிருந்து பாகம் பிரிந்து சுமார் இருபது கோடி வருஷம் ஆகிறது. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் அதற்குப் பங்காளிகள் நான்கே பேர்: மூன்று எக்கிட்னாக்கள், வாத்து அலகு கொண்ட ஒரு பிளாட்டிபஸ்.

அப்படியொரு குடும்பம் பூண்டற்றுப் போனதற்கு நம் காலத்திலேயே கணக்கு இருக்கிறது. சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கில் (டால்பின்), பைஜி. தன் குடும்பத்தில் அது ஒன்றே ஒன்றுதான். மீனுக்குப் போட்ட கொக்கிகளில் சிக்கியது, கப்பலில் அடிபட்டது. ஆற்றையொட்டிய ஏரிக்கு மாற்றலாமா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 1995-இல் ஒன்றைக் கொண்டுபோய் விட்டார்கள், மறுவருஷமே அது செத்தது. 2006 கடைசியில் இரண்டு படகுகளில் ஆறு வாரம் தேடியதில் ஒன்றுகூடத் தென்படவில்லை.

பணம் பற்றிய உங்கள் வாதம்தான் இதில் கனமானது. புலிக்கென்று ஒதுக்கும் பணம் காட்டையும் காக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புலி இருக்கிற காட்டைத்தானே காக்கும்? சைக்ளோப்ஸ் மலையில் புலியும் இல்லை, யானையும் இல்லை. இதற்காகத்தான் அந்த லண்டன் சங்கம் 2007-இலிருந்து ஒரு பட்டியல் போடுகிறது. ஓர் உயிர் எவ்வளவு தனித்துப் பிரிந்தது, அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, இரண்டையும் பெருக்கி மதிப்பெண். உயிர்களுக்கு ரேங்க் போடுவது எனக்கும் நெருடல்தான். ஆனால் பாலூட்டிப் பட்டியலின் உச்சியில் நீள்மூக்கு எக்கிட்னாக்களின் பெயர் வந்திருக்காவிட்டால், நீங்களும் நானும் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பிறகு, அந்த 'முள் அழுங்கு'. அழகான பெயர்தான், விட மனசில்லை. ஆனால் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, எக்கிட்னாவைவிட உங்களுக்கும் எனக்கும்தான் நெருங்கிய சொந்தம். அது தின்பது எறும்பும் கறையானும், இதன் தீனியோ பெரும்பாலும் மண்புழு. நான் எக்கிட்னா என்றே எழுதுகிறேன். நீங்கள் பயாங்கோ என்று சொன்னாலும் சரி.