நிலத்தை விற்று இன்ஜினியரிங் வேண்டாம், அந்த டிரங்குப் பெட்டியைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் பேசியாகிவிட்டது. பணத்துக்கு இரண்டு மா நிலம் போக வேண்டும். பெண்ணோ, அந்தக் காலப் பேக்கேஜ் திட்டத்தில் கிராம சேவக்காக, அதாவது விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஊழியராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று அவர் என்னிடம் கேட்கிறார்.

ஐயா, ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நிலம் விற்கும் பேச்சைப் படித்ததும் மனசு மாறிவிட்டது. விற்காதீர்கள். கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் உட்காரப் போவது அவள், மாமா இல்லை. நர்சிங், பி.எட். பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெட்டி லேசுப்பட்டதில்லை. பேக்கேஜ் திட்டம் என்று நீங்கள் சொல்வது தீவிர வேளாண் மாவட்டத் திட்டம். 1960-ல் அதற்கு இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குறுவைக்கு ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியது அந்தக் காலத்தில்தான். அலுவலகக் கோப்புகளில் பலவும் மூ.மு. (மூன்றாண்டு முடிவு), ப.மு. (பத்தாண்டு முடிவு) என்று முடிக்கப்பட்டு, மூன்று அல்லது பத்து வருடத்தில் அழிக்கப்படுபவை. தப்பியதை ஒரு நூலகம் வாங்கி வைத்தால்தான் உண்டு. பழைய காகிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். காவிரி வழக்கில் 1892, 1924 ஒப்பந்தங்களை வைத்துத்தான் அத்தனை வருடம் வாதாடினார்கள்.

இதைக் காப்பது ஒரு தொழில். துருப்பிடித்த குண்டூசியைக் காகிதம் கிழியாமல் எடுக்க வேண்டும். கிழிசலை மெல்லிய ஜப்பான் தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்ட வேண்டும். பின்னால் வேண்டுமென்றால் நனைத்துப் பிரித்துவிடலாம். செலோ டேப் ஒட்டினால் கறைதான் மிஞ்சும். வாய்க்கால் வரைபடங்கள் நீலப் பிரதியாக இருந்தால் இன்னும் கவனம்: மற்ற காகிதங்களின் அமிலத்தை முறிக்கப் பயன்படுத்தும் காரத் தாளில் வைத்தால் அந்த நீலம் வெளுத்துப்போகும். வேதியியல் தெரிந்தவருக்கு இங்கே மரியாதை அதனால்தான். அப்புறம், கோப்புகளைத் தேதிவாரியாக மாற்றி அடுக்கக் கூடாது. அலுவலகம் வைத்திருந்த வரிசையே ஒரு சாட்சி. அதையும் அவளிடம் இப்போதே சொல்லுங்கள். பெட்டியில் இருப்பதை லேமினேஷன் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

வழி இதுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது பி.ஏ. வரலாறு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பிறகு நூலக அறிவியல். (அந்தத் துறையை இந்தியாவில் வளர்த்த ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், மாமாவிடம் சொல்லிவையுங்கள்.) டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு வருட டிப்ளமோவும், காகிதப் பாதுகாப்புக்குக் குறுகிய காலப் பயிற்சியும் நடத்துகிறது, தகுதி விதிகளைச் சேரும் ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அரசுப் பணியிடம் எப்போதாவதுதான் வரும், தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, திட்ட வேலை முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். சென்னை ரோஜா முத்தையா நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பட்டமும் நூலக அறிவியலும் கையில் இருப்பதால் கல்லூரி நூலக வேலைக்கும் போட்டித் தேர்வுக்கும் கதவு திறந்தே இருக்கும், நிலமும் உங்கள் பெயரில் இருக்கும்.

முதலில் ஒரு நாள் அவளைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஓலைச்சுவடிகளையும் பழைய காகிதங்களையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும். திரும்பி வந்தும் இதே படிப்பைச் சொன்னால், கலைக் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அந்த சீட்டுக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.